நம்ம கையில் ஒரு சீல்: வாழ்த்து அட்டை செய்யப் பழகுவோம்



சீல் என்றவுடன் நமக்கு ஞாபகம் வருவது கந்தோர்தான். லீவுக் கடிதத்துக்கு சீல், கிளினிக் அட்டைக்கு சீல், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கொண்டுபோகும் கடிதத்துக்கும் சீல். எப்போதும் இன்னொருவருடைய மேசையில் இருக்கிற சாமான் அது. ஆனால் அந்தச் சீலுக்குப் பேர் கொடுத்ததே இறப்பர்தான். கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் விடியற்காலையில் நாம் மரத்தில் வெட்டி எடுக்கிற அதே பால்.

அந்தச் சீலை நாமே வெட்டி, கலர் பேனையால் நிறம் தீட்டி, வாழ்த்து அட்டை செய்வது எப்படி என்பதுதான் இந்தப் பாடம். பாடத்தில் இரண்டு பகுதி உண்டு. முதல் பகுதி செய்முறை. இரண்டாவது பகுதி விலை போடுகிற கணக்கு. செய்முறையை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். கணக்கைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆகவே கடைசி வரை வாசியுங்கள்.

பாலில் இருந்து சீல் வரை

இறப்பர் மரம் நம் நாட்டு மரம் அல்ல. அது பிரேசில் காட்டு மரம். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்ஹம் என்பவர் அங்கிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டனில் உள்ள கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். முளைத்த நாற்றுகளில் ஏறக்குறைய 1,900 அதே வருடம் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட பூங்காவில் அவற்றை நட்டார்கள். நம் மலைச்சரிவுகளில் இறப்பர் பரவியது அதற்குப் பிறகுதான்.

மரத்துப் பாலை அப்படியே காயவைத்தால் சீல் ஆகாது. சூட்டுக்கு ஒட்டும், குளிருக்கு இறுகும். 1839இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் குட்இயர் என்பவர் இறப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாகி, வடிவம் மாறாமல் நிற்கும் என்று கண்டுபிடித்தார். டயர், பூட்ஸ், சீல் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். 1860களில் அமெரிக்காவில் இறப்பர் சீல் செய்யத் தொடங்கியபோது, பல் வைத்தியர்கள் பொய்ப்பல் செய்யப் பாவித்த சூட்டுப் பாத்திரத்திலேயே அதைச் சமைத்து எடுத்தார்களாம். இப்போது செயற்கைப் பொருளிலும் சீல் வருகிறது. பேர் மட்டும் இன்னும் இறப்பர் சீல்தான்.

வாழ்த்து அட்டைக்கும் ஒரு கதை உண்டு. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு நத்தார் அட்டை வரைவித்தார். அச்சடித்து விற்பனைக்கு வந்த முதல் நத்தார் வாழ்த்து அட்டை அதுதான் என்று சொல்லப்படுகிறது. விலை ஒரு ஷில்லிங். அதை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? கோட்டை மட்டும் கல்லச்சில் அடித்தார்கள். நிறத்தைக் கையால் தீட்டினார்கள். நாம் செய்யப்போவதும் இதேதான். கோட்டுக்கு சீல், நிறத்துக்குப் பேனை.

தேவையான சாமான்கள்

1. வெள்ளை அழிறப்பர், பெரிய அளவில் இரண்டு. கடையில் கிடைக்கும் வெள்ளை அழிறப்பர்களில் பெரும்பாலானவை ஒருவகை பிளாஸ்டிக். மென்மையாக இருப்பதால் வெட்ட நல்லது. பிளாஸ்டிக் பெட்டியில் அப்படியே போட்டு வைத்தால் ஒட்டிக்கொள்ளும். கடதாசியில் சுற்றி வையுங்கள்.
2. பழைய சைக்கிள் டியூப் ஒரு துண்டு, சொலூஷன், சின்னப் பலகைத் துண்டுகள்.
3. பிடி உள்ள சின்னக் கத்தி அல்லது கட்டர்.
4. கறுப்பு மைப் பெட்டி. சீலை அமுக்கி எடுக்கிற பேட் என்று கேட்டால் கொடுப்பார்கள்.
5. கலர் பேனை ஒரு பெட்டி. பள்ளிப் பிள்ளைகள் பாவிக்கிற தண்ணீர் மைப் பேனை போதும்.
6. பிரிஸ்டல் போர்ட் அல்லது தடித்த ஏ4 தாள், கடித உறை.
7. பென்சில், எண்ணெய்த் தாள், அடிமட்டம், மை முடிந்த பழைய பேனை ஒன்று.

"ஸ்டோர்ல இருக்கிற சீட் துண்டுல வெட்டினா என்னா?" என்று சிலர் கேட்பீர்கள். அது சரிவராது. அந்த இறப்பரில் கந்தகம் சேரவில்லை. கத்திக்கு இழுபடும், கோடு ஒழுங்காக விழாது. அதோடு அது தோட்டத்துச் சொத்து. கேட்காமல் தொடக் கூடாது.

சீல் வெட்டுதல்

முதல் சீலுக்கு எழுத்து வேண்டாம், படம் போதும். நாம் தினமும் பார்க்கிற வடிவங்களை எடுங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் உள்ள கொழுந்து, ஒரே காம்பில் மூன்று இலை நிற்கிற இறப்பர் இலை, பால் சிரட்டை, பொங்கல் பானை, குத்துவிளக்கு, தப்பு. கடை அட்டைகளில் ரோஜாப்பூவும் பனிமலையும் நிறைய உண்டு. தப்பும் பால் சிரட்டையும் நம்மிடம்தான் கிடைக்கும்.

எண்ணெய்த் தாளில் படத்தைப் பென்சிலால் அழுத்தி வரையுங்கள். வரைந்த பக்கத்தை அழிறப்பர் மேல் கவிழ்த்து வைத்து, பின்பக்கத்தைக் கரண்டியால் தேயுங்கள். கோடு அழிறப்பரில் இறங்கும். மை படவேண்டிய கோட்டை விட்டுவிட்டு, மற்ற இடத்தை வெட்டி எடுக்க வேண்டும்.

பால் வெட்டுகிற கைக்கு இங்கே பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். பட்டையில் கத்தி மேலால் போனால் பால் குறையும், ஆழமாகப் போனால் மரம் காயப்படும். அழிறப்பரிலும் அப்படித்தான். இரண்டு மில்லிமீற்றர் ஆழம் போதும். அதற்கு மேல் போனால் அழிறப்பர் வளைந்து முறியும். கத்தியைச் செங்குத்தாகப் பிடிக்காதீர்கள். கோட்டில் இருந்து வெளிப்பக்கமாகச் சாய்த்து வெட்டுங்கள். அப்போது கோடு மேலே மெல்லியதாகவும், அடி அகலமாகவும் நிற்கும். உட்பக்கமாகச் சாய்த்தால் அடி மெலிந்து, நாலு தரம் அமுக்கியவுடன் கோடு பிய்ந்துவிடும். வளைவு வரும்போது கத்தியைத் திருப்பாமல், மற்றக் கையால் அழிறப்பரைத் திருப்புங்கள்.

வெட்டுகிற வேலை பெரியவர்களுக்கு மட்டும். கை எப்போதும் கத்திக்குப் பின்னால் இருக்க வேண்டும். சீல் அடிப்பதையும் நிறம் தீட்டுவதையும் பிள்ளைகளுக்கு விடலாம்.

பெரிய வடிவத்துக்கு சைக்கிள் டியூப் நல்லது. டியூப்பைக் கழுவிக் காயவைத்து, கத்தரிக்கோலால் வடிவத்தை வெட்டி, சொலூஷன் பூசிப் பலகைத் துண்டில் ஒட்டுங்கள். பானை, இலை, நட்சத்திரம் போன்ற தடித்த வடிவங்கள் இதில் நன்றாக வரும்.

எழுத்து சீல்

"எழுத்து பின்பக்கமா விழுதே அக்கா, என்னா செய்றது?"

கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எழுத்தை மாற்றி வெட்டினால்தான் தாளில் நேராக விழும். மாற்றி எழுத நீங்கள் பழகத் தேவையில்லை. எண்ணெய்த் தாளில் வழக்கம்போல நேராக எழுதுங்கள். கவிழ்த்துத் தேய்க்கும்போது தானாகவே மாறிவிடும். அழிறப்பரில் பார்க்கும்போது பிழையாகத் தெரிவதுதான் சரி. அதைத் திருத்தப் போகாதீர்கள்.

தமிழ் எழுத்தில் புள்ளிதான் தொல்லை. 'வாழ்த்து' என்ற சொல்லில் இரண்டு புள்ளி, 'பொங்கல்' என்ற சொல்லிலும் இரண்டு. இவ்வளவு சின்னப் புள்ளியை வெட்டி நிறுத்தினால் சீக்கிரம் பிய்ந்துபோகும். எழுத்தை மட்டும் வெட்டுங்கள். சீல் அடித்த பிறகு பேனை முனையால் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு அட்டையிலும் புள்ளி இருக்கிறதா என்று கடைசியில் இன்னொருவர் பார்க்க வேண்டும். புள்ளி இல்லாத வாழ்த்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

சீல் அடித்தலும் நிறம் தீட்டலும்

முதலில் கழிவுத் தாளில் அடித்துப் பாருங்கள். மை படக் கூடாத இடத்தில் பட்டால் அந்த மேட்டை இன்னும் கொஞ்சம் சீவுங்கள். பேட்டில் சீலை மெதுவாகத் தட்டி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் பள்ளத்திலும் மை இறங்கும். தாளில் நேராக வைத்து அமுக்கி, ஆட்டாமல் நேராகத் தூக்குங்கள்.

"கந்தோர்ல பாவிக்கிற ஊதா மை சரியா?" என்று கேட்டால், பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். கழிவுத் தாளில் அடித்து, காயவைத்து, கோட்டின் மேல் கலர் பேனையை ஒரு தரம் இழுங்கள். கோடு கரையாவிட்டால் அந்த மை நமக்கு உதவும். கரைந்தால் இரண்டு வழி உண்டு. ஒன்று, கோட்டுக்கு உள்ளே மயிரிழை இடைவெளி விட்டு நிறம் தீட்டுவது. மற்றது, நிறத்தை முதலில் தீட்டிக் காயவைத்து, சீலைக் கடைசியில் அடிப்பது.

நிறத்தை வெளிர் நிறத்தில் தொடங்கிக் கடும் நிறத்துக்குப் போங்கள். மஞ்சளை முதலில், பச்சையைப் பிறகு. மாற்றிச் செய்தால் மஞ்சள் பேனையின் முனை அழுக்காகும். ஒரே பக்கமாக இழுங்கள். ஈரமான இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தால் தாள் நூல் நூலாக எழும்பும். நிழல் வேண்டுமானால், முதல் நிறம் காய்ந்த பிறகு ஓரத்தில் மட்டும் அதே பேனையால் இன்னொரு தரம் தீட்டுங்கள்.

மணம் அடிக்கிற பெர்மனன்ட் மார்க்கரில் வேறு வகை மை. அது தாளை ஊடுருவி மறுபக்கம் வரும். சில சீல் மையையும் கரைக்கும். பாவித்தால் அடியில் கழிவுத் தாள் வையுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் பாவிக்க வேண்டாம்.

மைப் பெட்டி வாங்கக் காசு இல்லையா? தண்ணீர் மைப் பேனையால் சீல் மேலேயே நேராக நிறம் பூசுங்கள். இலைக்குப் பச்சை, சுடருக்கு மஞ்சள். பூசும்போதே கொஞ்சம் காய்ந்திருக்கும். வாயால் ஒரு தரம் ஆவி ஊதி, உடனே தாளில் அமுக்குங்கள். பல நிறம் ஒரே தடவையில் விழும்.

நம் பகுதியில் மழைதான் பெரிய எதிரி. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. காற்றில் ஈரம் இருந்தால் மை காய நேரம் எடுக்கும், தாளும் வளையும். அடித்த அட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு பாரம் வைத்து எடுத்து வையுங்கள்.

தாளும் மடிப்பும்

ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் மடித்தால் இரண்டு அட்டை. மடிக்கிற இடத்தில் அடிமட்டம் வைத்து, மை முடிந்த பேனையால் ஒரு கோடு அழுத்தி இழுங்கள். பிறகு மடித்தால் விளிம்பு வெடிக்காது. பிரிஸ்டல் போர்ட்டை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ அந்தப் பக்கமாக மடிப்பு வர வேண்டும்.

கையால் செய்த தாள் கிடைத்தாலும் நல்லது. நம் கேகாலை மாவட்டம் யானைச் சாணத் தாளுக்குப் பேர் பெற்றது. யானை தின்பதில் பெரும்பகுதி செரிக்காமல் நாராகவே வெளிவருகிறது. அதை அவித்து, கழுவி, கூழாக்கி, காயவைத்தால் தாள். பின்னவலை யானைகள் சரணாலயத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் அந்தத் தாளில் செய்த அட்டை, கொப்பி எல்லாம் விரும்பி வாங்குகிறார்கள். அப்படிச் சொரசொரப்பான தாளில் மெல்லிய கோடு ஒழுங்காக விழாது. டியூப்பில் வெட்டிய தடித்த சீலைப் பாவியுங்கள்.

விலை போடும் கணக்கு

இன்றைக்கு வாழ்த்து எல்லாம் வட்ஸ்அப்பில் வருகிறது. கடை அட்டை வாங்குகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். ஆகவே கடை அட்டை விலைக்குப் போட்டியாக இறங்கினால் நாம் தோற்போம். கையால் செய்தது, நம் தோட்டத்து அடையாளம் உள்ளது என்பதற்காக வாங்குகிறவர்களுக்குத்தான் நாம் விற்கிறோம். அவர்களிடம் சரியான விலை சொல்ல வெட்கப்படக் கூடாது.

"சாமான் செலவு போக மிச்சம் எல்லாம் லாபம்தானே?" இங்கேதான் பிழை. கொழுந்தை நிறுத்து எடுக்கிறார்கள், பாலை அளந்து எடுக்கிறார்கள், அரைப்பேர் போட்டால் கேள்வி கேட்கிறோம். ஆனால் வீட்டில் இருந்து செய்கிற வேலைக்கு நாமே பேர் போடுவதில்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். இந்த எண்கள் கணக்குப் பழகுவதற்கு மட்டும். உங்கள் கடை விலையையும் உங்கள் சம்பளத்தையும் போட்டுச் செய்யுங்கள்.

20 அட்டை செய்கிறோம் என்று வைப்போம்.

தாள் 10, ஒன்று 20 ரூபா: 200 ரூபா
உறை 20, ஒன்று 10 ரூபா: 200 ரூபா
மையும் பேனையும் 1,000 ரூபா. 100 அட்டைக்கு வரும் என்றால் 20 அட்டையின் பங்கு: 200 ரூபா
அழிறப்பர் இரண்டு 100 ரூபா. அதுவும் 100 அட்டைக்கு வரும் என்றால் பங்கு: 20 ரூபா
சாமான் மொத்தம்: 620 ரூபா

இனி நேரம். ஓர் அட்டைக்குக் கால் மணித்தியாலம் என்றால் 20 அட்டைக்கு 5 மணித்தியாலம். ஒரு நாள் சம்பளம் 1,600 ரூபா என்று வைத்து 8ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 200 ரூபா. ஐந்து மணித்தியாலத்துக்கு 1,000 ரூபா.

ஆக மொத்தம் 1,620 ரூபா. 20இல் இரண்டு மை பட்டோ, மடிப்புப் பிழைத்தோ கழியும். மிச்சம் 18. 1,620ஐ 18ஆல் பிரித்தால் 90 ரூபா. அதுதான் அடக்க விலை. அதற்குக் கீழே விற்றால் நம் கூலியில் இருந்துதான் வெட்டுகிறோம்.

அதே அட்டையை 60 ரூபாவுக்கு விற்றால் என்ன ஆகும்? 18 அட்டைக்கு 1,080 ரூபா வரும். சாமான் செலவு 620 போக 460. கையில் காசு நிற்பது போலத்தான் தெரியும். ஐந்து மணித்தியாலத்தால் பிரித்துப் பாருங்கள். மணித்தியாலத்துக்கு 92 ரூபா. தோட்டத்துக் கூலியில் பாதிகூட இல்லை.

கடைக்காரர் நூற்றுக்கு 20 எடுத்துக்கொள்வார் என்றால், 100 ரூபா விலைக்கு நம் கைக்கு வருவது 80தான். அடக்க விலையான 90 கிடைக்க வேண்டுமென்றால் கடை விலை 112 ரூபா 50 சதமாக இருக்க வேண்டும். கடையில் அட்டையைக் கொடுக்கும்போது எத்தனை கொடுத்தோம், விற்காததைத் திருப்பித் தருவார்களா என்று எழுதி வாங்குங்கள்.

விலை கூடிப்போச்சே என்று நினைத்தால், கூலியை வெட்டாமல் நேரத்தை வெட்டுங்கள். ஓர் அட்டையை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்க வேண்டாம். ஒருவர் எல்லாத் தாளையும் மடிக்கட்டும், ஒருவர் சீல் அடிக்கட்டும், ஒருவர் மஞ்சளை மட்டும், இன்னொருவர் பச்சையை மட்டும் தீட்டட்டும். நாலு பேர் கூடினால் வேலையும் விரையும், பிழையும் குறையும். யார் எத்தனை மணித்தியாலம் இருந்தார் என்று ஒரு கொப்பியில் எழுதி, அதன்படி காசைப் பிரியுங்கள். அந்தக் கொப்பியை எல்லோரும் பார்க்கலாம் என்று இருந்தால் சண்டை வராது. கடன் எடுத்துப் பெரிய பெட்டியாக சீலும் பேனையும் வாங்கித் தொடங்க வேண்டாம். முதல் 20 அட்டை விற்ற காசில் அடுத்த சாமானை வாங்குங்கள்.

எப்போது, யாருக்கு

தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, வெசாக், தீபாவளி, நோன்புப் பெருநாள், நத்தார் என்று நம் நாட்டில் வருடம் முழுவதும் அட்டைக்குக் காலம் உண்டு. பண்டிகைக்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். வெசாக் அட்டை அனுப்புவது சிங்கள மக்களிடம் நல்ல வழக்கம். தாமரைப்பூ, அரச இலை என்று இரண்டு சீல் வெட்டி, சிங்களத்தில் வாழ்த்து எழுதத் தெரிந்த ஒருவரைக் கூட்டுச் சேர்த்தால் பக்கத்துக் கிராமத்திலும் விற்கலாம். பிறந்தநாள், கல்யாணம், பரீட்சையில் பாஸ் பண்ணிய பிள்ளைக்குப் பாராட்டு என்பவற்றுக்குக் காலமே கிடையாது.

உறையில் விலாசத்தை முழுதாக எழுதுங்கள். பேர், லயத்து இலக்கம், டிவிசன், தோட்டம், தபால் கந்தோர் உள்ள ஊர். தோட்டத்துப் பேரை மட்டும் எழுதிய கடிதம் யார் கையில் சேரும் என்று நமக்குத் தெரியும்தானே. ஒரே பேரில் தோட்டத்தில் ஐந்து பேர் இருப்பார்கள்.

பயிற்சி

1. உங்கள் தோட்டத்தில் மட்டும் உள்ள ஒரு வடிவத்தை வரைந்து, அழிறப்பரில் சீல் வெட்டுங்கள்.
2. 'வாழ்த்துக்கள்' என்று எண்ணெய்த் தாளில் எழுதி, கவிழ்த்துத் தேய்த்து வெட்டுங்கள். எத்தனை புள்ளி பேனையால் வைக்க வேண்டும்?
3. மேலே உள்ள கணக்கை உங்கள் ஊர்க் கடை விலையில் செய்து, அடக்க விலையைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

மூன்றாவதை முடித்த பிறகு முதல் அட்டையை விற்கப் போங்கள்.